நண்பகல் தாண்டி வந்த படகு

ஏழாம் மாதத்துப் பௌர்ணமியன்று காலையிலிருந்தே லுவா கைபேசியைக் கீழே வைக்கவில்லை. அரிசி களைந்த ஈரக் கையாலேயே அதைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். கோழி வெந்துவிட்டதா என்று பானையைத் திறக்கும்போதும் மறு கையில் அதுதான். திரையில் ஒரே வரி அசையாமல் நின்றது: உங்கள் பார்சல் விநியோகத்துக்குப் புறப்பட்டுவிட்டது. புறப்பட்டது சரி. எந்தத் தெருவரை வந்திருக்கிறது, வண்டிக்காரர் வழியில் எங்காவது ஐஸ் டீ குடிக்க உட்கார்ந்துவிட்டாரா, அதையெல்லாம் அந்த வரி சொல்லாது.

பார்சலில் வரவேண்டியது ஒரு காகிதப் படகு. இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு நீளம். மூங்கில் சட்டம், நீலத்தாள் உடம்பு, கண்ணாடித்தாள் ஒட்டிய ஜன்னல், பின்பக்கம் வெள்ளித்தாளில் செய்த மோட்டார். எல்லாம் லுவாவின் மாமனார் ஹாவுக்காக. அவர் போன குளிர்காலத்தில் காலமானார். உயிரோடு இருந்தவரை ஆற்றில் மோட்டார் படகு ஓட்டி, அக்கரைத் தோட்டத்துக் கீரையையும் வாழைத்தாரையும் எங்கள் ஹாய் ஃபோங் சந்தைக்குக் கொண்டுவந்து சேர்த்த மனிதர்.

சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் பிறந்ததும் கீழுலகத்துக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். பௌர்ணமி நண்பகலோடு மூடிவிடுகிறார்கள். இறந்தவர்களுக்குத் துணியோ செருப்போ வீடோ வண்டியோ எதைக் கொடுப்பதானாலும் காகிதத்தில் செய்து, பெயரெழுதி, அதற்குள் எரித்துவிட வேண்டும். பன்னிரண்டு அடித்த பிறகு எரித்தால் வெறும் சாம்பல்தான் மிஞ்சும், போய்ச் சேராது. எங்கள் சந்தில் இது தெரியாதவர்கள் யாரும் கிடையாது.

இந்தப் படகுக்கு ஏன் இவ்வளவு தவிப்பு என்றால், லுவாவின் மாமியார் மியென் தூங்கி நாளாகிவிட்டது. என் எதிர்வீட்டுக்காரி அவள். வாசலில் ஐஸ் டீக்கடை போட்டிருக்கிறாள். மாதம் பிறந்ததிலிருந்து அவள் கண்ணை மூடினால் ஹாவ் வந்துவிடுகிறார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் நிற்கிறார். பேசுவதில்லை. மற்றவர்கள் படகேறிப் போகிறார்கள், வருகிறார்கள். இவர் மட்டும் தண்ணீரில் கால் நனைய நின்றபடி மியெனையே பார்க்கிறார். விழித்தால் விடிய இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கும். அப்புறம் தூக்கம் ஏது? டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, வாங்கிய காசை மறந்து வாடிக்கையாளரிடமே மறுபடியும் கேட்பாள். அவர்களும் இரண்டாம் முறை கொடுத்துவிட்டுப் போவார்கள், பாவம் என்று.

"சந்தையில சொல்லிச் செஞ்சிக்கலாம். காகிதச் சாமான் விக்கறவ எனக்குத் தெரிஞ்சவதான்" என்று மியென்தான் முதலில் சொன்னாள்.

"அவங்க மோட்டார் வைக்கமாட்டாங்க அத்தை. துடுப்புப் படகுதான் செய்வாங்க" என்றாள் லுவா. "இதைப் பாருங்க. மோட்டார் இருக்கு, ஜன்னல் இருக்கு, உள்ள உட்கார பெஞ்சு கூட இருக்கு. விலையும் கம்மி. பௌர்ணமிக்குள்ள வந்துடும்னு போட்டிருக்கு."

மியென் திரையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "மோட்டார் கொஞ்சம் வலப்பக்கம் சாஞ்சிருக்கு. அவருதும் அப்படித்தான் இருந்துது" என்றாள். சேமிப்பு டப்பாவிலிருந்து பணத்தை எடுத்து லுவாவின் கையில் கொடுத்துவிட்டாள். கைபேசியில் வாங்கும் பழக்கமே இல்லாதவள், மருமகளை நம்பிக் கொடுத்தாள். பிற்பாடு லுவாவுக்கு உறுத்தியதெல்லாம் இதுதான்.

பௌர்ணமிக் காலை நகர்ந்துகொண்டே இருந்தது. மியென் பழுப்பு நிறப் பூசை உடையை உடுத்திக்கொண்டாள். படையல் தட்டில் கோழி, ஒட்டரிசிச் சோறு, பொரித்த நெம் சுருள்கள், ஹாவுக்குப் பிடித்த அரிசிச் சாராயம். சந்தில் வீட்டுக்கு வீடு தகர டப்பாவில் காகிதம் எரிந்தது. புகையில் எங்கள் எல்லோருக்கும் கண் கரித்தது. லுவாவின் கணவன் வின், துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், அரை நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தான்.

"அப்பா ஆயுசு பூரா படகுத்துறையில காத்துக் கிடந்தவரு. இன்னும் கொஞ்சம் காத்திருக்கமாட்டாரா?" என்றான்.

"வாயை மூடிட்டு வாசல்ல போய் நில்லு" என்றாள் மியென். "பார்சல்காரன் வீட்டு நம்பர் தெரியாம திண்டாடப்போறான்."

லுவா பார்சல்காரரைக் கூப்பிட்டாள். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாம் முறை ஹாரன் சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது.

"அக்கா, நான் பாலத்து மேல நிக்கறேன். முன்னாலயும் லாரி, பின்னாலயும் லாரி. உங்களுது இம்மாம் பெரிய பெட்டி. வண்டியில குறுக்கால கட்டியிருக்கேன், இடுக்குல நுழைய முடியல."

"பெட்டியைக் கையில எடுத்துட்டு ஓடி வந்துடுங்க அண்ணா."

"மத்தவங்க பார்சலை யார் பார்த்துப்பாங்க, நீங்க வந்து பார்த்துக்கறீங்களா?"

பன்னிரண்டு அடிக்கச் சற்று நேரமே இருந்தது. மியென் அதற்குமேல் பொறுக்கவில்லை. ஊதுபத்தியைப் பற்றவைத்து, கைகூப்பி, எல்லோரும் கேட்கும்படி வாய்விட்டே சொன்னாள்.

"ஹாவ், கேட்டுக்குங்க. உங்களுக்குப் படகு வந்துட்டிருக்கு. பாலத்து மேல நிக்குது. நீல நிறம். மோட்டாரோட. அது உங்களுது. உங்க பேருக்குத்தான் வாங்கினது. வேற யாரும் அதுல கை வைக்கக்கூடாது. வாங்கிக்குங்க."

இப்படிச் சொல்லிவிட்டுக் காகிதத் துணிமணிகளையும், அங்கே பணமாகிற தங்கத்தாளையும் எரித்தாள். நெருப்பு அணைந்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. பொருள் கைக்கு வருமுன்னே அதை இறந்தவருக்குக் கொடுத்துவிட்டாள். அந்த அவசரத்தில் அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

படகு சாயங்காலம் வந்தது.

பார்சல்காரர் வியர்வையில் நனைந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பெட்டியை இறக்கினார். அவரைத் திட்ட லுவாவுக்கு மனம் வரவில்லை. பெட்டியைப் பிரித்தாள். படத்தில் பார்த்ததைவிட அழகாகவே இருந்தது. மியென் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"கதவை மூடிட்டாங்க. இனிமே அதை எங்க கொண்டு வைக்கறது" என்று மட்டும் சொல்லிவிட்டு டீக்கடைக் கண்ணாடி தம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள்.

எங்கள் வீடுகள் குழாய் மாதிரி ஒடுக்கமானவை. படகைத் துணி பீரோவின் மேல் வைத்தார்கள். அதன் மூக்கு மாடிப்படி பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. படியேறுகிறவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்து ஏறினார்கள். அன்றிரவும் ஹாவ் வந்தார். முன்பு கால் மட்டும் நனைய நின்ற தண்ணீரில் இப்போது இடுப்புவரை நிற்கிறார் என்று மறுநாள் காலையில் மியென் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் கை ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டே இருந்தது. தேவைக்கு மேல் உடைந்த ஐஸ் அது பாட்டுக்கு உருகி ஓடியது.

லுவாவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சந்தையிலேயே செய்திருந்தால் துடுப்புப் படகாவது நேரத்துக்குப் போயிருக்கும். அத்தை அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பணத்தையாவது மீட்டு அத்தை கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதைவிட வேறு வழி அவளுக்குத் தோன்றவில்லை.

ஷூ கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில் செயலியைத் திறந்தாள். பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. உடைந்திருந்தது. வேறு பொருள் வந்தது. நிறம் பொருந்தவில்லை. மனம் மாறிவிட்டது.

சாயங்காலம் வின் அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "'கீழுலகத்துக் கதவு மூடிடுச்சு'ன்னு ஒண்ணு வச்சிருக்கலாம். ஏழாம் மாசத்துல நல்லா ஓடும்."

"சும்மா இருங்க."

லுவா 'மற்றவை' என்பதைத் தொட்டு, நடந்ததை எழுதினாள். உடனே பதில் வந்தது. மனிதர் எழுதியதில்லை என்பது அதன் வேகத்திலேயே தெரிந்தது. வருந்துகிறோம் என்றது. பார்சல் வாக்களித்த நாளிலேயே சேர்க்கப்பட்டுள்ளது என்றது. வேறு உதவி வேண்டுமா என்று கேட்டது. லுவா மறுபடியும் எழுதினாள். அது மறுபடியும் வருந்தியது. அதற்கு நாள் என்றால் நள்ளிரவு வரைக்கும் நாள். நண்பகலோடு முடிந்துபோகிற நாள் ஒன்று உண்டென்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கடைசியில் விற்றவளுக்கே குரல்செய்தி அனுப்பினாள். அவள் பெயர் சுவான். வேறு மாவட்டத்தில், காகிதச் சாமான்கள் செய்கிற கிராமத்தில் பட்டறை வைத்திருக்கிறாள். பின்னால் கத்தரிக்கோல் சத்தமும் குழந்தைகள் சத்தமும் கேட்க, பதில் வந்தது.

"அக்கா, பௌர்ணமிக்குள்ள வரும்னு போட்டிருந்தோம். பௌர்ணமியன்னிக்கே வந்திருச்சு. எங்க பக்கம் தப்பு இல்லீங்க அக்கா."

"பௌர்ணமியன்னிக்கு எத்தனை மணி வரைக்கும் எரிக்கலாம்னு படகு செய்யறவங்களுக்குத் தெரியாதா அக்கா?"

"எனக்குத் தெரியும் அக்கா. லாரிக்குத் தெரியலையே."

இருவரும் ஒருவரை ஒருவர் அக்கா என்றே அழைத்துக்கொண்டார்கள். யார் மூத்தவள் என்று விசாரிக்கிற நிலையில் இரண்டு பேரும் இல்லை.

"அப்போ லாரி லேட்டானதுக்கு எங்க அத்தை தூக்கத்தை விடணுமா?"

"சரிக்கா, ஒண்ணு பண்ணுங்க. நசுங்காம கிழியாம வந்தமாதிரியே பெட்டியில வச்சுத் திருப்பி அனுப்புங்க. வந்து சேர்ந்ததும் பணத்தைப் போட்டுவிடறேன். அடுத்த மாசம் யாராவது வாங்கிப்பாங்க."

லுவா யோசித்தாள். பொய் சொல்லலாம். பெட்டியில் வைத்து ஒட்டி அனுப்பிவிடலாம். ஆனால் படகின் பக்கவாட்டில் ஹாவின் பெயரையும் ஊரையும் பேனாவால் எழுதியாகிவிட்டது. வந்த சாயங்காலமே வின் எழுதிவிட்டான், அடுத்த திதிக்காவது ஆகட்டும் என்று. உண்மையையே சொன்னாள்.

"அனுப்ப முடியாது அக்கா. பேர் எழுதியாச்சு. பேர் எழுதறதுக்கு முன்னாடியே, அது பாலத்துல நிக்கும்போதே எங்க அத்தை ஊதுபத்தி ஏத்தி இது உங்களுதுன்னு மாமாகிட்ட சொல்லியாச்சு."

அதற்குப் பதில் வரவில்லை. இரவுவரை வரவில்லை. லுவா பத்து முறையாவது எடுத்துப் பார்த்திருப்பாள். வேலையில் தையல் மெஷின் ஊசி இரண்டு உடைந்தது. மறுநாள் விடிந்த கையோடு சுவானின் குரல் வந்தது, இந்த முறை தாழ்ந்து, கத்தரிக்கோல் சத்தம் இல்லாமல்.

"அக்கா, சாமி கும்பிட்டு, பேர் சொல்லி, கொடுத்துட்டாங்களா? நெசமாவா? தயவுசெஞ்சு அதை இங்க அனுப்பிடாதீங்க. என் வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க. ஒருத்தருக்குன்னு கொடுத்ததை நான் எப்படி வீட்ல வச்சிக்கறது, இன்னொருத்தருக்கு எப்படி விக்கறது? பணத்தைத் திருப்பிட்டேன் பாருங்க. படகு உங்ககிட்டயே இருக்கட்டும்."

லுவா பார்த்தாள். பணம் முழுவதும் திரும்பியிருந்தது. அறுநூற்றைம்பதாயிரம் தோங். அன்று கம்பெனிக்கு மதியம்தான் போகவேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பணத்தை எடுத்துவந்து, டீக்கடையில் உட்கார்ந்திருந்த மியெனின் மடியில் வைத்தாள். நானும் அங்கேதான் இருந்தேன், காலை டீக்கு. லுவாவின் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"வாங்கிட்டேன் அத்தை. முழுசா. படகையும் வச்சிக்கச் சொல்லிட்டாங்க."

மியென் பணத்தைப் பார்த்தாள், எடுக்கவில்லை. "அப்போ படகு யாருது?" என்று கேட்டாள்.

"நம்மளுதுதான்."

"பணம் இங்க இருக்கு. படகும் இங்க இருக்கு. எப்படி நம்மளுதாகும்? அது அந்தப் பொண்ணு கொடுத்ததால்ல ஆகுது?"

லுவாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது.

"உங்க மாமா ஆயுசுல இன்னொருத்தர் படகை இரவல் வாங்கி ஓட்டினதில்ல" என்றாள் மியென். "அவரு பேருக்கு வாங்கினதுன்னு நான் சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான். இப்போ போய், அது யாரோ முகம் தெரியாத பொம்பள தானமா கொடுத்ததுன்னு எப்படிச் சொல்லுவேன்? ஏற்கெனவே இடுப்பளவு தண்ணியில நிக்கறாரு. இதைக் கேட்டா கழுத்துவரைக்கும் இறங்கிடுவாரு."

"அத்தை, ராத்திரி பகலா மல்லுக்கட்டி வாங்கின பணம் இது."

"தெரியும். நீ நல்லதுக்குத்தான் செஞ்சே. திருப்பிக் கொடுத்துடு."

லுவா எழுந்து உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரம் கொஞ்சம் வேகமாகவே விழுந்தது. மியென் என்னைப் பார்த்தாள், நான் டீயைப் பார்த்தேன். மாமியார் மருமகள் நடுவில் அயல்வீட்டுக்காரி வாய் வைத்தால் இரண்டு பக்கமும் அடி விழும். சற்று நேரத்தில் லுவா கைபேசியோடு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுக்க இதுல வழியே இல்ல அத்தை. தேடிப் பார்த்துட்டேன். அதுகிட்ட கேட்டா, பணம் வெற்றிகரமா திருப்பப்பட்டது, வேற உதவி வேணுமாங்குது."

"அந்தப் பொண்ணைக் கூப்பிடு. நான் பேசறேன்."

லுவா அழைத்து, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி வைத்தாள். மியென் கைபேசியை வாயருகே, சாப்பிடப்போகிறவள்போல் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் படகு வாங்கினவ. விலை சொல்லு."

"பெரியம்மா, பணத்தைத்தான் திருப்பிட்டேனே" என்றாள் சுவான். "நீங்க ரேட்டிங்ல கைவைக்காம இருந்தா போதும்."

"என்ன கேக்கறா?" என்று மியென் லுவாவிடம் கேட்டாள்.

"நட்சத்திரம் அத்தை. நல்ல கடைன்னா அஞ்சு போடணும்."

"நட்சத்திரமெல்லாம் அவளே வச்சிக்கட்டும். ஏம்மா, எனக்குத் தானம் வேணாம். நான் காசு கொடுத்து வாங்கணும். விலை சொல்லு."

மறுமுனையில் கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, இந்தக் கிழவியை எப்படியாவது முடித்து அனுப்பவேண்டும் என்ற குரலில், "சரி பெரியம்மா, நூறு கொடுங்க" என்றாள்.

"நூறாயிரத்துக்கு மோட்டார் படகா? அடியில ஓட்டை கீட்டை வச்சிருக்கியா?"

"என்ன பெரியம்மா இப்படிச் சொல்றீங்க. முத்தின மூங்கிலு அது. தாள் ரெண்டு அடுக்கு. மோட்டாருக்கு உள்ள அட்டையில பல்சக்கரம்கூட வெட்டி வச்சிருக்கேன். யாரும் பார்க்கமாட்டாங்க, இருந்தாலும் வச்சிருக்கேன்."

"பல்சக்கரம் இருக்கா?" மியெனின் குரலே மாறிவிட்டது. "அப்போ நூறுங்கறது அநியாயம். அறுநூறு வாங்கிக்க."

"முன்னூறு பெரியம்மா. லேட்டா வந்த சாமானுக்கு அதுக்குமேல வாங்கினா எனக்கே ஒட்டாது."

"அம்மா, நீ வாங்கறவளா, விக்கறவளா?" என்று வின் உள்ளிருந்து குரல் கொடுத்தான்.

"நீ சும்மா இரு. ஐந்நூத்தைம்பது."

"நானூறு."

"ஐந்நூறு. லேட்டா வந்ததுக்குத் தள்ளிட்டேன், அதுக்குமேல நீ இறக்கினா எனக்குக் கட்டுப்படியாகாது" என்றாள் மியென்.

சுவான் சிரித்துவிட்டாள். அவள் பின்னால் யாரோ ஒரு பெண்ணும் சேர்ந்து சிரித்தது கேட்டது. "இவ்வளவு வருஷம் கடை வச்சிருக்கேன், இப்படி ஒரு பேரம் பார்த்ததில்ல. சரி பெரியம்மா, ஐந்நூறுக்குக் கொடுத்துட்டேன்."

"நானும் வாங்கிட்டேன்" என்றாள் மியென்.

மடியிலிருந்த பணத்தில் ஐந்நூறை எண்ணி லுவாவின் கையில் வைத்தாள். லுவா அதைக் கைபேசி வழியாகச் சுவானின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினாள். பேரம் பேசி, விலை படிந்து, காசு கைமாறிய படகு. இப்போது அது இரவலும் இல்லை, தானமும் இல்லை. மியென் எழுந்து இடுப்பில் கட்டியிருந்த கடைச் சாவியை என்னிடம் நீட்டினாள்.

"கடையைப் பார்த்துக்க. நாங்க ஆத்துக்குப் போறோம்."

"இப்பவேவா?" என்றான் வின், சட்டையை மாட்டிக்கொண்டே. அவனுக்குத் துறைமுகத்தில் வண்டி காத்திருந்தது. "கதவு மூடியாச்சேம்மா. திதி வரைக்கும் இருக்கட்டுமே."

"நான் பன்னிரண்டுக்கு முன்னாடியே சொல்லிக் கொடுத்தாச்சு. சாமான்தான் வழியில லேட்டு" என்றாள் மியென். "அதோட மூடினது ஆளுங்க நடந்து வர கதவு. படகு ஏன் அது வழியா போகணும்? ஆத்து வழியா போகும்."

வின் பீரோவின் மேலிருந்து படகை இறக்கிக் கொடுத்துவிட்டுத் துறைமுகத்துக்குக் கிளம்பினான். நான் சாவியை வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததை லுவா எனக்குச் சொன்னாள். நான் கடையில் இருந்தேன்.

லுவா வண்டியை ஓட்ட, பின்னால் மியென் படகைக் குறுக்காக அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. புயல் மாதம் அது. பெரிய சாலையில் ஏறியதும் காற்று படகைப் பிடுங்கப் பார்த்தது. ஒரு பக்கம் இழுத்தால் வண்டியும் அந்தப் பக்கமே போனது.

"மெதுவா போ" என்றாள் மியென்.

"மெதுவா போனா மழை பிடிச்சிக்கும் அத்தை."

"அப்போ வேகமா போ."

"வேகமா போனா கிழிஞ்சிடும்."

"என்னமோ பண்ணு."

லுவாவின் வேலை நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பெனியிலிருந்து லைன் லீடர் ஏற்கெனவே ஒருமுறை கூப்பிட்டுவிட்டாள். அந்த மாதம் தாமதமாகப் போனால் ஊக்கத்தொகை போய்விடும்.

ஹாவ் தன் படகைக் கட்டி நிறுத்திவந்த துறைக்கே போனார்கள். சிமெண்டுப் படி, கீழே சேற்றுத் தண்ணீர். படிக்கு மேலே சமதளத்தில் படகை வைத்து, நாலு பக்கமும் தங்கத்தாளைச் செருகினார்கள். மியென் ஊதுபத்தி ஏற்றி, இன்ன ஊர், இன்ன பேர், இன்ன விலைக்கு வாங்கினது என்று விலையையும் சேர்த்தே சொன்னாள். தீ வைத்ததும் நீலத்தாள் குப்பென்று பிடித்தது. ஜன்னல் சுருண்டது, மூங்கில் வெடித்தது. 

ஆனால் மோட்டார் எரியவில்லை. வெள்ளித்தாளும் கனத்த அட்டையும் நெருப்பை உள்ளே விடவில்லை. படகு முக்கால்வாசி எரிந்து உட்கார்ந்ததும் மோட்டார் கழன்று, ஓரமாக உருண்டு, கரிப்பிடித்த முகத்தோடு கிடந்தது. முதல் துளி லுவாவின் கழுத்தில் விழுந்தது.

அவள் பக்கத்தில் கிடந்த கம்பை எடுத்து, அதை நெருப்புக்குள் தள்ளப் போனாள்.

"குத்தாதே" என்று மியென் அவள் கையைப் பிடித்தாள். "கம்பு பட்டா ஓட்டையோடதான் போய்ச் சேரும்."

"அப்போ எப்படி எரியும்?"

"அதுவா எரியும்."

"மழை வருது அத்தை."

"தெரியுது."

வண்டி இருக்கையின் அடியில் மழைக்கோட்டு இருந்தது, இரண்டு தலைக்கு ஓட்டை வைத்த பெரிய கோட்டு. லுவா அதை எடுத்து விரித்து, நெருப்புக்கு மேலே கூரைபோல் தூக்கிப் பிடித்தாள். தாழ்த்தினால் பிளாஸ்டிக் உருகும், உயர்த்தினால் சாரல் உள்ளே வரும். புகை முழுவதும் அவள் முகத்துக்கே வந்தது. கை வலித்தது, மாற்றி மாற்றிப் பிடித்தாள். பைக்குள் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து நின்றது. மியென் குந்தி உட்கார்ந்து, மீதித் தங்கத்தாளை ஒவ்வொன்றாக மோட்டாரைத் தொடாமல் அதன் அருகே வைத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இருங்க" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். "உடம்பு வந்துடுச்சுல்ல. மோட்டார் வந்துட்டிருக்கு. உள்ள பல்சக்கரமெல்லாம் இருக்காம், அதான் நேரமாகுது."

வெள்ளித்தாள் ஓர் ஓரத்தில் மெல்ல உரிந்தது. அந்த இடைவெளியில் ஒரு தங்கத்தாள் துண்டு பறந்துபோய் ஒட்டியது. அட்டை பழுப்பானது, கறுப்பானது, பிறகு உள்ளுக்குள்ளேயே பற்றிக்கொண்டது. ஒரு நொடிக்கு லுவா அதைப் பார்த்தாள் என்றாள்: தாள் எரிந்து விலகியபோது, தீயின் நடுவில் வட்டமாக, பல் பல்லாக வெட்டிய ஒரு சக்கரம் சிவந்து நின்றது. பிறகு அதுவும் உட்கார்ந்துவிட்டது.

மியென் சாம்பலைச் சுற்றி அரிசிச் சாராயத்தை ஊற்றினாள். சூடு தணிந்ததும் அள்ளி ஆற்றில் விடவேண்டும் என்று சொல்லி, படியில் உட்கார்ந்து பக்கச் சுவரில் சாய்ந்தாள். லுவா கோட்டைத் தூக்கிப் பிடித்தபடியே, "அத்தை, எனக்கு நேரமாச்சு, போலாமா?" என்றாள். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தாள். மியென் வாய் சற்றே திறந்து, கையில் காலிச் சாராயக் குப்பியோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

மழை இப்போது நன்றாகவே பிடித்துக்கொண்டது. சாம்பல் கரைந்து, படி வழியாகத் தானாகவே ஆற்றில் இறங்கியது. லுவாவின் பைக்குள் கைபேசி மறுபடி அதிர்ந்தது. அவள் அதை எடுத்து, யார் என்று பார்க்காமலே அணைத்துவிட்டாள். பிறகு இரண்டு படி இறங்கிப் போய், மழைக்கோட்டை அத்தையின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள்.